பெல்ட் சொன்னதும் பொன்னுச்சாமி ஐயா சொன்னதும்

ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் தங்கள் பணிக்கால அனுபவங்களை எழுதித் தரலாம் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காகச் சுற்றறிக்கை வந்தபோது, அது எனக்கானது என்று நான் நினைக்கவில்லை. மலரில் எழுதுகிறவர்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் தலை நரைத்தவர்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. நான் வேலை பார்த்த பிரிவை மூடி, எல்லோருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படி வந்தாலும் ஓய்வு ஓய்வுதான், எழுதுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

எழுத உட்கார்ந்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை பார்த்த சோஹினி என்ற பெண், இப்போது வேறொரு கம்பெனியில் முதியவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறாள். கடிகாரம் மாதிரி இருக்கிறது. உள்ளே அரிசி அளவுக்கு ஒரு சில்லு. தள்ளாடினால் அது மணிக்கட்டில் மெல்ல அதிரும், விழுந்துவிட்டால் மகனுக்கோ மகளுக்கோ செய்தி போகும். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: உங்கள் காலத்து பெல்ட் வேலை செய்ததா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள், பொஷொந்தி-தி.

என் பெயர் வசந்தி. வங்காளிகள் வாயில் அது பொஷொந்தி; தி என்றால் அக்கா. ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பொதுவாக எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துச் சொன்னால்தான் நிம்மதி. இந்த விஷயத்தைப் பிரிக்க ஆரம்பித்தால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுகிறது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் கார்டு. வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா. தொண்ணூறுகளின் நடுவில், காளிகாட் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸைக் கூப்பிடும் மணி, இப்படிப்பட்ட சாமான்கள் செய்கிற இடம். கீழே பூமாலைக் கடைகள். மத்தியான வெயிலில் செம்பருத்தியும் சால்டரிங் புகையும் கலந்து ஒரு வாசனை வரும்.

எனக்கு மேலே அனிமா-தி. வடிவமைப்புப் பிரிவின் தலைவர். வெளுத்த பருத்திப் புடவை, கொண்டையில் செருகிய ஸ்க்ரூடிரைவர். பேனா செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஸ்க்ரூடிரைவர் செருகியவரை அவர் ஒருவரைத்தான் பார்த்தேன். சத்தம் போட மாட்டார். நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். நாம் கையை எடுக்கும்வரை நிற்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு வார்டு மணி அடிக்காமல் வந்தது. பேட்டரியை மாற்றினேன், ஒரு ஒயரையும் மாற்றினேன், அடித்தது. சந்தோஷமாகக் காட்டினேன். எது சரி செய்தது, பேட்டரியா ஒயரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்படியானால் திரும்பக் கெடு," என்றார். பழைய ஒயரையும் பழைய பேட்டரியையும் போட்டு, மணியை மறுபடி ஊமையாக்கி, பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வைத்தார். ஏக் பாரே ஏக்டா என்பார். ஒரு நேரத்தில் ஒன்று. அந்தப் பிரிவில் அதற்கு மேல் சட்டம் எதுவும் இல்லை.

அந்த வார்டு மணிகள் வழியாகத்தான் பெல்ட் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் முதியவர்களுக்கு மணி செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் விழுவதற்கு முன்னாலேயே அடிக்கிற மணியாக ஒன்று செய்தால் என்ன என்று அனிமா-திக்குத் தோன்றியது. இடுப்பில் கட்டும் அகலமான துணி பெல்ட். அதில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. டப்பாவுக்குள் சிறிய கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளி பாதரசம். குழாய் சாய்ந்தால் துளி உருண்டுபோய் இரண்டு கம்பிகளைத் தொடும். கொஞ்சம் சாய்ந்தால் தொடுகிற குழாய்கள் சில. அவை மணி அடிக்கும்: கவனம், எதையாவது பிடித்துக்கொள் என்று அர்த்தம். முழுக்கச் சாய்ந்தால் மட்டும் தொடுகிற குழாய்கள் வேறு சில. அவை தொட்டால் ஆள் தரையில் கிடக்கிறார்; தூங்கப் போகும்போது பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். மணி அடித்த நேரம், தரை மட்டத்துக்கு வந்த நேரம், திரும்ப நிமிர்ந்த நேரம், மூன்றையும் டப்பா நினைவில் வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்ந்தார், ஏன் சாய்ந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பெல்ட்டைக் கொடுப்பதற்கு முன் ஒத்திகை என்று ஒன்று வைத்தோம். கட்டிக்கொள்ளப் போகிறவரின் வீட்டுக்கே போய், அவர் ஒரு நாளில் செய்கிற எல்லா அசைவுகளையும் பெல்ட்டோடு செய்து காட்டச் சொல்வோம். மோடா என்கிற பிரம்பு முக்காலியிலிருந்து எழுவது, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுப்பது. பட்டியல் போடுவது என் வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. எந்த அசைவில் வீணாக மணி அடிக்கிறதோ அதற்கேற்பக் குழாய்களின் கோணத்தைத் திருப்பி வைப்போம். அப்படியும் முதல் வருடம் துர்கா பூஜை முடிந்து பெரியவர்களை வணங்கும் பிஜோயா நாள் வந்தபோது, தங்களைவிட மூத்தவர் காலைத் தொடக் குனிந்த முதியவர்களுக்கெல்லாம் மணி அடித்துத் தீர்த்தது. பட்டியலில் பிரணாமத்தைச் சேர்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிடுவதையும், மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிடுவதையும். அதோடு பட்டியல் முழுமையாகிவிட்டது என்று நினைத்தோம்.

பொன்னுச்சாமி ஐயா அதற்குப் பிறகு வந்தார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கத்துக்காரர். பவானிபூரில் ஒரு சந்தில், முதல் மாடியில் வாடகைக்குத் தனியாக இருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கலைச்செல்வி, புனேயில் வேலை. ஒரு முறை படியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்தபோது, இனி இங்கே தனியாக வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இவர் வர மாட்டேன் என்று நின்றார். புனேயில் அவருக்கு யாரையும் தெரியாது. இங்கே ஜகுபாபு பஜாரில் மீன்காரன் முதல் பவானிபூர் மினிபஸ் கண்டக்டர் வரை எல்லோரையும் தெரியும். காலையில் தானே போய் மீன் வாங்கி வருவதை நிறுத்தினால் தான் உயிரோடு இருப்பதாகத் தனக்கே தகவல் வராது என்று சொன்னார்.

கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அவர் எங்கள் பெல்ட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாதா மாதம் மகள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். விழவில்லை என்று நாங்கள் சொன்னால் அவர் பவானிபூரில் இருக்கலாம். விழுந்தார் என்று சொன்னால் புனே. தமிழ் தெரிந்தவள் என்பதால் அவரை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

முதல் மாதம் டப்பாவை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் இணைத்தபோது எனக்குத் திக்கென்றது. மணி, தரை, நிமிர்தல். மணி, தரை, நிமிர்தல். பல நாட்களில், பெரும்பாலும் காலையில். உடம்பில் ஒரு காயம் இல்லை, வலி என்று ஒரு வார்த்தை இல்லை. நேரே போய்க் கேட்டேன்.

"அதுவா? அது கும்புடுறது தாயி," என்றார். "காலைல அவ சாமி தட்டு முன்னாடி நெடுஞ்சாண்கிடையா கும்புடுவேன். ஒத்திகையப்ப சொல்ல மறந்துட்டேன்."

கூடத்து மூலையில் சுவரில் ஒரு மரத்தட்டு. அதில் இரண்டு மூன்று சாமி படங்கள், பித்தளை விளக்கு, பக்கத்தில் அவர் மனைவியின் படம். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. இதை அனிமா-தியிடம் விளக்கியபோது அவர் நம்பவில்லை. வயதான மனிதர், உடம்பு முழுவதும் தரையில் படவா பிரணாமம் செய்வார்? எங்கள் ஆண்கள் அப்படித்தான் செய்வார்கள், என் அப்பாவே வெள்ளிக்கிழமைகளில் செய்வார் என்றேன். காட்டு என்றார். பெண்கள் அப்படிக் கும்பிடுவதில்லை என்றேன். அப்படியானால் உன் அப்பாவைக் கூப்பிடு என்றார்.

அப்பா லீவு நாளில் வேட்டி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு வந்தார். வேட்டிக்கு மேலே பெல்ட்டைக் கட்டிவிட்டேன். சோதனை மேஜைகளுக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "ஏளா, எந்தச் சாமியக் கும்பிடணும்?" என்று கேட்டார். எந்தச் சாமியானாலும் சரி என்று அனிமா-தி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். சுவரில் காலண்டரில் காளி இருந்தாள். அப்பா அவளுக்கு நேராக நெடுஞ்சாண்கிடையாகக் கும்பிட்டு எழுந்தார். பிறகு, "இது எனக்கு. இப்ப ஒங்க கம்பெனிக்கு," என்று இன்னொரு முறை கும்பிட்டார். டப்பாவை இணைத்துப் பார்த்தோம். மணி, தரை, நிமிர்தல். அச்சு அசல் அதே. கீழே போகிற உடம்பு எதுவானாலும் முதல் கோணத்தைத் தாண்டித்தானே இரண்டாவது கோணத்துக்குப் போக வேண்டும்? பொன்னுச்சாமி ஐயா தரையில் அதிக நேரம் இருந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். வயது என்று விட்டுவிட்டோம். அனிமா-திக்கும் திருப்தி. பட்டியலில் நான் புதிய பிரணாமத்தைச் சேர்த்தேன்.

கலைச்செல்வி போன் செய்தபோது, விழவே இல்லை, தினமும் சாமி கும்பிடுவதுதான் பதிவாகிறது என்று சொன்னேன்.

"யாரு கும்புடுறது?"

"உங்க அப்பாதாங்க. சாமி தட்டு முன்னாடி."

"பொன்னுச்சாமியா? பவானிபூர் பொன்னுச்சாமியா?" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "எங்கம்மா காளிகாட் கோயிலுக்குப் போனா வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருக்கிற ஆளுங்க அவரு. ஒரு நாள் உள்ள வந்ததில்ல. பொன்னுச்சாமின்னு பேரு வச்சதுக்கே அவங்கப்பாகூட சண்டை போட்டவரு. அவரா நெடுஞ்சாண்கிடையா?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்பது எனக்கும் புரிந்தது. அவர் கும்பிடவில்லை என்றால் அத்தனை முறை தரையில் என்ன செய்துகொண்டிருந்தார்?

அந்த வாரமே அவள் ரயில் ஏறி வந்தாள். எங்களையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். அனிமா-தியும் நானும் போனோம். சிவப்பு சிமெண்ட் தரை, பச்சை ஜன்னல் கதவுகள். பொன்னுச்சாமி ஐயா சுத்தமாகச் சவரம் செய்து, பெல்ட்டைச் சட்டைக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி கட்டிக்கொண்டு மோடாவில் உட்கார்ந்திருந்தார். மகள் சாமி தட்டுக்கு முன்னால் நின்று விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல எண்ணெயே இல்லப்பா. திரியும் இல்ல."

"கும்புடுறதுக்கு எண்ணெய் எதுக்கு? அடுப்பா பத்த வைக்கிறோம்?"

"எப்பருந்து கும்புடுறீங்க?"

"உங்கம்மா போனதுக்கு அப்புறம். உங்கிட்ட சொல்லிட்டுச் செய்யணுமா?"

"சரி. இப்ப கும்புடுங்க, நான் பாக்குறேன்."

"சாமி கும்புடுறத என்ன ஷோவா காட்டுவாங்க, டிக்கெட் வச்சு?"

"டிக்கெட் எங்கிட்ட இருக்கு," என்று அவள் கைப்பையைத் தட்டினாள். "புனேக்கு. ரெண்டு பேருக்கு."

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்தார். தட்டுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி குனிந்தார். மணி அடித்தது. சட்டென்று தலையைத் தாழ்த்தி இடுப்பைப் பார்த்தார், உடம்பு பக்கவாட்டில் ஆடியது, நாங்கள் மூவரும் கையை நீட்டினோம். அதற்குள் அவர் தரையில் இருந்தார். குப்புறப் படுத்திருந்தார். கைகள் தலைக்கு மேல் கூப்பியும் இல்லை, விரிந்தும் இல்லை, நெஞ்சுக்கு அடியில் மாட்டியிருந்தன.

அவர் கும்பிட்டாரா, விழுந்தாரா? கண்ணுக்கு முன்னால், இரண்டு அடி தூரத்தில் நடந்தது. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் தூக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இடது பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கி, நிலைப்படிவரை தவழ்ந்து போய், கதவுச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டுகள் முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அந்த உடம்பு பலமுறை செய்து பழகிய உடம்பு. ஆனால் தினமும் கும்பிடுகிற கிழவனும் இப்படித்தானே எழுந்து பழகியிருப்பான்?

கலைச்செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்க மெஷினு என்ன சொல்லுது? அப்பா விழுறாரா, கும்புடுறாரா?"

அவருடைய வீடு, மீன் பஜார், சந்து எல்லாம் அந்த நிமிடம் என் வாயில் இருந்தது. ஐயா என்னைப் பார்க்கவில்லை, கதவுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன்.

"மணி அடிச்சது பெல்ட்டுக்குத் தெரியும். இடுப்பு தரைக்கு வந்தது தெரியும். திரும்ப நிமிர்ந்தது தெரியும். ஏன்னு தெரியாதுக்கா. ஆனா ஒவ்வொரு தடவையும் யாரும் தூக்கிவிடாம அவரே எழுந்திருச்சிருக்காரு. அது மட்டும் நிச்சயமா தெரியும்."

அனிமா-திக்கு இந்தப் பேச்சு புரிந்திருக்காது. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். ஐயாவிடம் வங்காளியில் கேட்டார்: மெஷோமஷாய் (பெரியவரை மாமா என்பது போல), மணி அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஐயா வங்காளிக்காரர்களை மிஞ்சும் வங்காளி பேசுவார். என்ன செய்வது, குனிந்து அதைப் பார்ப்பேன், இடுப்பில் ஒரு மினிபஸ் கண்டக்டர் உட்கார்ந்து கத்தினால் யார்தான் பார்க்க மாட்டார்கள் என்றார். கலைச்செல்விக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அனிமா-தியைப் பார்த்தேன். தள்ளாடுகிற நேரத்தில் தலையைத் தாழ்த்தி இடுப்பைப் பார்க்கிறவர் இன்னும் தள்ளாடுவார். விழப்போகிறார் என்று மணி அடித்ததா, மணி அடித்ததால் விழுந்தாரா? நாங்கள் விழாமல் காக்கச் செய்த பொருள்தான் அவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் கும்பிடுவதாகச் சொன்னது?

அனிமா-தி கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அங்கேயே, ஐயாவின் இடுப்பிலேயே டப்பாவைத் திறந்து, மணியின் ஒயரைத் துண்டித்தார். இனி அது பார்த்துக்கொண்டிருக்கும், கத்தாது. அதே நேரம் கலைச்செல்வி உள்ளறையிலிருந்து பருத்தி மெத்தை ஒன்றை இழுத்து வந்து சாமி தட்டுக்கு முன்னால் விரித்தாள். பக்கத்தில் கனமான ஒரு நாற்காலியைப் போட்டாள். "கும்புடுறதோ என்னமோ," என்றாள், "இது மேல பண்ணுங்க. எழுந்திரிக்கறப்ப இதைப் பிடிங்க." கீழ்வீட்டுக்குப் போய், போதி, அதாவது அண்ணி, என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணிடம், தினமும் காலையில் போன் செய்வேன், அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து வந்தாள். மறுநாள் தனியாகப் புனேக்குப் போனாள். இன்னொரு டிக்கெட்டை ரத்து செய்தாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் நான் அனிமா-தியிடம் கேட்டேன். மணியை நிறுத்தினோம், மெத்தையும் நாற்காலியும் வந்தன, தினமும் போன் வரப்போகிறது. ஒரே நாளில் மூன்று மாற்றங்கள். அடுத்த மாதம் நல்லது நடந்தால் எதனால் என்று எப்படிச் சொல்வோம்? ஏக் பாரே ஏக்டா என்னவாயிற்று?

அவர் ஜன்னல் இருட்டைப் பார்த்தபடி, "அது மேஜைக்கு," என்றார். பிறகு சொன்னார்: "உன் பொன்னுச்சாமி பாபுவைத் திரும்பக் கெடுத்துப் பார்க்கச் சொல்கிறாயா?"

அடுத்த மாதம் டப்பாவை இணைத்தேன். தரை என்ற பதிவு ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கீழ்வீட்டில் விசாரித்தால், மனிதர் வழக்கம்போல் பஜாருக்குப் போகிறார், படி ஏறி இறங்குகிறார்; டப்பாவிலும் குனிந்து குனிந்து சாய்ந்திருக்கிறார். கீழே போகவில்லை. விழுவது நின்றது என்றால், மணி போனதால் நின்றது என்று சொல்லலாம். ஆனால் கும்பிடுவதும் ஏன் நின்றது? கும்பிடுவதே இல்லாமல் இருந்து, எல்லாம் விழுந்ததுதான் என்றால், என் அப்பாவை வைத்து நாங்கள் செய்த சோதனை எதைச் சோதித்தது? நான் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கமும் ஒரு பதிவோடு பொருந்தியது, இன்னொன்றோடு முட்டியது. மேலே இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. முன்பு பல, இப்போது பூஜ்யம், பெல்ட் வெற்றி என்றார்கள்.

அதன் பிறகு எங்கள் பெல்ட்டுகளில் எதிலும் மணி வைக்கவில்லை. பாதரசம் போய், சில்லு வந்தது. எந்தப் பக்கம் சாய்கிறார், எவ்வளவு வேகத்தில் என்றெல்லாம் தெரிய ஆரம்பித்தது. எச்சரிக்கைக்கு மெல்லிய அதிர்வு வைத்தோம். கட்டிக்கொண்டவர்களில் சிலர் விழுவது குறைந்தது. சிலர் அதிர்வுக்குப் பயந்து நடப்பதையே குறைத்தார்கள், அதனாலும் விழுவது குறைந்தது. இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் ஒரே மாதிரிதான் காட்டும். சோஹினி, உன் கடிகாரமும் அப்படித்தான் காட்டும் என்று நினைக்கிறேன். அதைக் கட்டியிருப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்.

பொன்னுச்சாமி ஐயாவின் சோதனைக் காலம் முடிந்ததும் பெல்ட்டைத் திரும்ப வாங்கப் போனேன். அவர் பவானிபூரில்தான் இருக்கப் போகிறார் என்பது முடிவாகிவிட்டிருந்தது. இனி பெல்ட் வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். காலைப் போன் மட்டும் தொடர்ந்தது. எலுமிச்சை டீ போட்டுக் கொடுத்தார். மெத்தை அதே இடத்தில், வெயிலில் போட்டு எடுத்த மாதிரி உப்பலாக இருந்தது. இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லையே, அது என்ன ஐயா என்று கேட்டேன்.

அவர் டீயை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"மொத தடவை விழுந்ததுதான்," என்றார். "மணி அடிச்சுது, பாத்தேன், போயிட்டேன். கெடந்த எடத்துல இருந்து பாத்தா அவ படம் நேரா தெரிஞ்சுது. நின்னு பாக்குறப்ப அப்படித் தெரியாது, கண்ணாடியில வெளிச்சம் அடிக்கும். எழுந்திரிக்க மனசு வரல. கொஞ்ச நேரம் கெடந்தேன். அப்புறம் சில நாள் விழுந்தேன். சில நாள் நானா எறங்கினேன். சில நாள் மணி அடிக்கும், சரி, எப்படியும் போகப் போறோம்னு மெதுவா நானே எறங்கிப் படுத்துக்குவேன். நீ கேட்டப்ப கும்புடுறேன்னு சொன்னேன். பொய் சொல்றோம்னு நெனச்சுத்தான் சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம் பாத்தா, பொய்யான்னு சந்தேகமா இருக்கு."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"மெத்தை போட்டுட்டாளே. தரை சில்லுனு இருக்கணும் தாயி. மெத்தைல படுத்தா தூக்கம்தான் வருது." சிரித்தார். "இதை நீ எதுல சேர்ப்ப?"

தெரியவில்லை என்றேன். மணி அடித்து, அதைக் கேட்டு, தானாகவே மெதுவாக இறங்கிப் படுத்த நாட்களில் பெல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. குனிந்து பார்த்து விழுந்த நாட்களில் அதுவே தள்ளிவிட்டிருக்கிறது. எந்த நாள் எது என்று அவருக்கும் நினைவில்லை, டப்பாவுக்கும் தெரியாது.

பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இடுப்பு லேசாக இருக்கிறது என்று தடவிக்கொண்டார். வழியனுப்பப் படிவரை வருகிறேன் என்று மோடாவிலிருந்து எழுந்து எனக்கு முன்னால் நடந்தார். கூடத்தைக் கடக்கும்வரை நான் கவனிக்கவில்லை. படிக்கட்டு அருகே வந்த பிறகுதான் பார்த்தேன், என் வலது கை நீண்டு அவர் முதுகுக்குப் பின்னால், சட்டையைத் தொடாமல், கூடவே வந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்சமும் தள்ளாடவில்லை. கையை எடுக்கலாம் என்று தோன்றியது. எடுக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.